ராஜகிரிக்குக் கல் கிடைத்த விதம்

பிளாஸ்டிக் பொம்மைக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் அதைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். நிறைய பேருக்கு இது தெரியாது. அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு அதன்மேல் அப்படியே இருக்கும். கழுவாமல் அடித்தால் சில நாளிலேயே பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிரும். நான் முதலில் அடித்த சிப்பாய்கள் எல்லாருக்கும் அப்படித்தான் ஆயிற்று. அம்மை கண்டு எழுந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

எங்கிருந்து ஆரம்பித்தது என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. இங்கிருந்துதான். சிப்பாய்கள் இல்லாவிட்டால் மலை இல்லை. மலை இல்லாவிட்டால் நான் உங்கள் எதிரில் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஏட்டு ரங்கநாதன் எழுதத் தோதாக மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் காஸ்பர். செஞ்சியில் திண்டிவனம் சாலையில் பல் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஊரில் டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். நானாக அப்படி எழுதி மாட்டியதில்லை. பாண்டிச்சேரியில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளாக இருந்து, முதலில் பல் செட் செய்யவும் பிறகு பல் பிடுங்கவும் கற்றுக்கொண்டேன். கை பதமாக இருக்கும். என்னிடம் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் வலித்தது என்று சொன்னதில்லை. உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்தவர்கள்கூட அதை மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

என் மனைவி மரியசெல்வியின் அண்ணன் அருளானந்தம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பாண்டிச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அறுபத்தைந்தாம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே பிளாஸ்டிக் சிப்பாய்கள். காலாட்கள், குதிரைக்காரர்கள், ஒரு பீரங்கி. "கொழந்தைக்குக் குடும்மா" என்று தங்கையிடம் நீட்டினார். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. கடல் தாண்டி அத்தனை காலம் இருந்தவருக்கு மறப்பது சகஜம்தான். மரியசெல்வி பெட்டியை வாங்கிப் பீரோவின் மேல் வைத்தாள்.

ஒரு நாள் கடையில் ஆள் இல்லாதபோது நான் அதை இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சிப்பாயும் சுண்டுவிரலில் பாதி உயரம். செய்தவன் அவசரக்காரன். அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் தலையிலிருந்து கால்வரை ஒரு கோடு ஓடியது. கைக்கும் இடுப்புக்கும் நடுவில் பிசிறு. துப்பாக்கிகள் வாழைப்பழம்போல் வளைந்திருந்தன. முகம் இருந்தது, கண் இல்லை. பல் செட்டில் ஒரு பிசிறு இருந்தால் ஈறு புண்ணாகிவிடும் என்று பார்த்துப் பார்த்துச் சீவிப் பழகியவன் நான். என்னால் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மெழுகு சீவும் கத்தியை எடுத்து ஒருவனுக்குச் சீவினேன். வளைந்த துப்பாக்கியை வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே பானைத் தண்ணீரில் போட்டேன். நேராக நின்றது.

ஒரு பொருள் இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கலாம் என்று தெரிந்துவிட்டால் அதை அப்படியே விடுவது எனக்குப் பாவம்போலத் தோன்றும். என்னுடைய குணம் அது. வேறு கெட்ட பழக்கம் எதுவும் எனக்குக் கிடையாது.

போர்டு எழுதும் தங்கராசிடம் மிச்சம் மீதி பெயின்ட் வாங்கிக்கொண்டேன். அணில் வால் முடியில் பிரஷ் கட்டினேன். முகத்துக்கு நேராகக் கறுப்போ பழுப்போ அடித்தால் பொம்மை முகமாகத்தான் இருக்கும். காபி நிறத்தில் அடித்து, காய்ந்த பிறகு தண்ணீர் கலந்த இங்க் ஒரு சொட்டு விட வேண்டும். அது கண்குழியிலும் மூக்கோரத்திலும் போய் உட்காரும். அப்புறம் மூக்குநுனிக்கும் கன்னமேட்டுக்கும் மட்டும் வெளிறிய நிறத்தைத் தொட்டும் தொடாமலும் தேய்த்தால் மனுஷன் வந்துவிடுவான். கண்ணுக்கு ஊசிமுனை போதும். மூச்சை அடக்கிக்கொண்டு வைக்க வேண்டும்.

முதலில் அவர்களை வெள்ளைக்காரச் சிப்பாய்களாகவே வைத்திருந்தேன். அவர்களைத் தேசிங்குராஜா படையாக்கியது என் சிநேகிதர் கலியபெருமாள். தொண்டூர்க்காரர். கூத்தில் ராஜா வேஷம் கட்டுவார். அவர் வாயைத் திறந்து விருத்தம் எடுத்தால் களத்தின் கடைசியில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். அவர் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தவர் குதிரைக்காரன் ஒருவனைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இன்னா காஸ்பரு, இவன் தலையில கவுத்து வெச்ச சொம்பு மாதிரி இருக்குது. ஒரு முண்டாசு கட்டிவுடேன். நம்ம தேசிங்கு ஆயிடுவான்."

நல்ல யோசனை என்று பட்டது. தொப்பியைச் சீவிவிட்டு, கட்டுப்போடும் துணியை நூலாகக் கிழித்து மெழுகில் தோய்த்து முண்டாசு சுற்றினேன். துப்பாக்கியை வெட்டி வாளாக்கினேன். கோட்டுச் சட்டையின் வாலை மெழுகு வைத்து நீட்டி அங்கியாக்கினேன். ராஜாவின் முகத்துக்குக் கலியபெருமாளையே நாற்காலியில் உட்காரவைத்து, அவர் முறைக்க முறைக்கப் பார்த்து எழுதினேன். அதைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். வெற்றிலைக் காவி ஏறிய பெரிய பெரிய பற்கள். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. சிரிப்பைத்தான் பார்த்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் எலெக்ஷன் அமளி முடிந்ததும் மாவட்டப் பொருட்காட்சியைச் செஞ்சியில் வைப்பதாக முன்பே பேச்சு இருந்தது. கைவேலைக்கு ஒரு வெள்ளிக் கோப்பை என்றார்கள். கோட்டையை வைத்து யாராவது ஒன்று செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. நான் ஒரு பழைய மேஜைப் பலகையை எடுத்து, அதன்மேல் கோட்டை நிற்கும் ராஜகிரி மலையை எழுப்பி, அடிவாரத்தில் தேசிங்கு சண்டையை நிறுத்துவது என்று முடிவு செய்தேன். பல் அச்சு எடுக்கும் சுண்ணத்தில் மலையைப் பிடித்து, சாம்பல் நிறம் அடித்தேன். அடிவாரத்துச் செட்டிகுளத்துக்குப் பல் செட் செய்யும் கண்ணாடிப் பசையில் பச்சை கலந்து ஊற்றினேன். தண்ணீர் ஆடுவதுபோலவே இருந்தது. தேங்காய் நாரைச் சாயத்தில் வேகவைத்துப் புதர் நட்டேன்.

பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் கோவிந்தசாமி ஒரு நாள் வந்து பார்த்தார். அவர் களிமண்ணில் ஒரு கோட்டை செய்துகொண்டிருந்தார். குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"சிப்பாயிங்க உயிரோட இருக்கறாங்க, பொய் சொல்லக்கூடாது. மலைதான் தயிர்சாதத்தைக் கொட்டி வெச்ச மாதிரி இருக்குது" என்றார்.

அவர் போன பிறகு நான் வெளியே வந்து மலையைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கும் மலைதான். ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அது மண்மலை இல்லையே, ஐயா. உருண்டைப் பாறைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கொட்டிவைத்த குவியல். ஒவ்வொரு பாறையும் தனி ஆள். தலையில் பள்ளம், நடுவில் வெடிப்பு, மழைத் தண்ணீர் ஓடி ஓடிப் பக்கவாட்டில் இறங்கிய பழுப்புக் கறை. சுண்ணத்தில் அதைக் கொண்டுவர முடியாது.

செஞ்சி மலைக்குச் செஞ்சிக் கல்லையே வைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வைத்துப் பார்த்தேன். சின்னதாக உடைத்த கல் கூர்கூராக உடைகிறது, வெளிச்சம் பட்டால் மினுக்குகிறது. ஆற்றுக் கூழாங்கல்லும் வைத்தேன். கோழி முட்டை அடுக்கியதுபோல் ஆயிற்று. புளியங்கொட்டை, ஜல்லி, அடுப்புக்கரி எல்லாம் பார்த்தாயிற்று. சோறு இறங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அனந்தபுரத்து மணிலாக்கொட்டை வியாபாரி இளையபெருமாள் வந்தார். கடைவாய்ப்பல் சொத்தை. பிடுங்கித் தட்டில் போட்டேன். அவர் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். நான் தற்செயலாகத் தட்டைப் பார்த்தேன். பல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தலையில் பள்ளம், நடுவில் வெடிப்பு, பக்கவாட்டில் வெற்றிலைக் கறை இறங்கியிருந்தது. மேஜையில் நின்ற ஒரு சிப்பாயை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இடுப்பளவுப் பாறை. ராஜகிரிப் பாறையேதான். கூடவே வேரும் இருக்கிறது. சுண்ணத்தில் குத்தினால் ஆணி அடித்ததுபோல் நிற்கும். பசை தேவையில்லை.

பல வருஷம் தினமும் ராஜகிரியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன்பிறகு பிடுங்கிய பல்லைக் கேட்டவர்களுக்கும் கொடுத்தனுப்பவில்லை. "வெச்சுட்டுப் போங்க, புதைச்சுடறேன்" என்பேன். சுண்ணத்தில் புதைக்கத்தானே செய்தேன். ஆனால் சீக்கிரமே ஒரு சிக்கல் வந்தது. பிடுங்க வருகிற பல் எல்லாம் சொத்தை. சொத்தைப் பல்லில் ஓட்டை இருக்கும். இந்த அளவில் அது குகையாகத் தெரியும். ஒன்றிரண்டு குகை இருந்தால் பரவாயில்லை. மலை முழுக்கக் குகையாக இருந்தால் பார்க்கிறவன் கேட்பான். மலைக்கு நல்ல பாறை வேண்டும்.

வல்லத்திலிருந்து வள்ளியம்மாள் வந்தாள். நாற்று நடுகிறவள். ஒரு பக்கம் கன்னம் வீங்கியிருந்தது. கெட்ட பல் ஒன்றுதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது, ஐயா. புகையிலை அடக்கி அடக்கி அடியில் கருமை, மேலே போகப் போகப் பழுப்பு, தலையில் ஒரு வெளுப்பு. எந்தப் பெயின்ட் டப்பாவிலும் அந்த நிறம் கிடையாது.

"பக்கத்துல இருக்கறதும் கெட்டுப்போச்சு, ஆயி" என்றேன்.

"அது வலிக்கலியே, தம்பி."

"இனிமே வலிக்கும்."

"அப்ப ரெண்டையும் எடுத்துடு. தெனம் தெனம் வேலைய வுட்டுட்டு வர முடியாது" என்றாள்.

எடுத்தேன். நான் சொன்னது பொய் என்று நீங்கள் சொல்வீர்கள். எந்தப் பல்தான் ஒரு நாள் வலிக்காமல் இருக்கப்போகிறது? நான் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னேன். அவளிடம் கூலி வாங்கவில்லை. அவள் போகும்போது எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

அதற்கு மேல் எனக்குத் தயக்கம் வரவில்லை. அனந்தபுரம் சந்தையில் இலவசப் பல் பரிசோதனை என்று தட்டி வைத்தேன். மேல்சரிவுக்கு வெளிர் நிறம், கீழ்ச்சரிவுக்குக் கறுத்த நிறம் என்று பார்த்துத்தான் எடுத்தேனே தவிர, கண்டபடி எடுத்ததில்லை. ஒருவர் வாயில் இரண்டு மூன்றுக்கு மேல் கை வைத்ததும் இல்லை. போன வருஷம் அரிசித் தட்டுப்பாடு, ஞாபகம் இருக்கும். ரேஷனில் கோதுமையும் மக்காச்சோளமும் போட்டார்கள். பாதிப்பேர் கஞ்சி குடித்தார்கள். கஞ்சிக்குக் கடைவாய்ப்பல் எதற்கு? என் வேலையால் அந்த நேரத்தில் யாருக்கும் பெரிய இடைஞ்சல் வந்திருக்காது.

தெருவில் போகிறவர்கள் முகம் எனக்கு மறந்துபோயிற்று. யாராவது கொட்டாவி விட்டால் நின்று பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நாக்கில் நன்மை அப்பம் கொடுக்கும்போது, சாமியார் பக்கத்தில் நின்று ஒவ்வொருவர் தாடைக்குக் கீழும் தட்டுப் பிடிக்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லாரும் வரிசையாக முழங்காலிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பார்கள். அதைவிட வசதியாகப் பார்க்க முடியாது. என் பக்தி திடீரென்று கூடிவிட்டதாகச் சாமியார் பிரசங்கத்தில் பாராட்டினார். அந்த வாரமே கோயிலிலிருந்து ஆறேழு பேரைக் கடைக்கு வரச் சொன்னேன். சொன்னால் வந்துவிடுவார்கள். தெரிந்தவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

ஏட்டு தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும், ஐயா. நான் காத்திருக்கிறேன்.

கலியபெருமாள் விஷயத்துக்கு வருகிறேன். ராஜா குதிரையிலிருந்து விழும் இடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு பாறை தேவைப்பட்டது. கடைவாய்ப்பல் குட்டையானது, சரிப்படவில்லை. அவருடைய மேல்வரிசை ஓரத்தில் சிங்கப்பல்லும் அடுத்ததும் நீளமாக, காவி நிறத்தில், நெட்டுக்குத்தாக இருந்தன. வேஷம் கட்டும்போது தோளில் ஏற்றும் புஜக்கட்டையின் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டுப் போட்டு, சிங்கப்பல்லில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. பாறையில் உளிபோட்ட தழும்புபோல அழகாக இருந்தது. அவரிடம் ஈறு இளகிவிட்டது என்றேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டே, "நீ சொன்னா சரி, காஸ்பரு" என்றார்.

அதன்பிறகு அவர் பாடும்போது காற்று வந்தது. 'ச' வருகிற இடமெல்லாம் விசில் அடித்தது. நான் செய்துகொடுத்த பொய்ப்பல் அருமையானது. ஆனால் மேல்ஸ்தாயியில் அது நிற்கவில்லை. மேல்மலையனூர்ப் பக்கம் ஒரு கூத்தில், சபைக்கு முன்னால் வாளை உருவி அவர் சபதம் போட்டபோது பல் பறந்து மிருதங்கக்காரர் மடியில் விழுந்ததாம். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அவருடைய கூத்து ஜமாவின் வாத்தியார் அவருக்கு ராஜா வேஷத்தை நிறுத்திவிட்டுக் கட்டியங்காரன் வேஷம் கொடுத்துவிட்டார். கோமாளி வேஷம்தான், ஆனாலும் ராஜாவைவிட அதிக நேரம் ஆட்டத்தில் நிற்கும் வேஷம். என்னைக் கேட்டால் அவருக்கு அது ஒரு விதத்தில் உயர்வுதான். அவர் கொஞ்ச நாள் கடைப்பக்கம் வரவில்லை. நான் அவர் முகத்தை எழுதி முடித்திருந்தேன், அதனால் வேலை தடைப்படவில்லை.

எல்லாச் சரிவும் முடிந்தது. உச்சி மட்டும் பாக்கி.

விடியற்காலையில் கீழே எல்லாம் இருட்டாக இருக்கும்போது ராஜகிரி உச்சியில் மட்டும் முதல் வெயில் விழும். அப்போது அந்த உச்சிப் பாறைக்கு ஒரு நிறம் வரும். வெள்ளை இல்லை, மஞ்சள் இல்லை. சந்தையிலும் கோயிலிலும் அந்த நிறத்தைத் தேடி அலுத்துவிட்டேன். வெற்றிலை, புகையிலை, பல்பொடி, கிணற்றுத் தண்ணீர் என்று எல்லார் வாயிலும் ஏதோ ஒரு கறை.

ஒரு மதியம் மரியசெல்வி எனக்கு மோர் கொண்டுவந்தாள். சிப்பாய் ஒருவனுக்கு நான் மீசையைத் தவறிப்போய்த் தலைகீழாக எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, இவன் அழுவுற மாதிரி இருக்கறான்" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆயிற்று. வாய் நன்றாகத் திறந்தது. மேல்வரிசையில் கடைசிப் பல். வெற்றிலை தொடாத வாய். ஒரு கீறல் இல்லை. விடியற்காலை வெயில் அதில் இருந்தது.

வீட்டிலேயே இருந்திருக்கிறது. நான் ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

அவளுக்குப் பல்வலி வந்ததே இல்லை. அதனால் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. வேளாங்கண்ணிக்கு அவள் நேர்ந்துகொண்டு நடந்த வருஷங்கள் எனக்குத் தெரியும். எது சொன்னால் அவள் கேட்பாள் என்பதும் தெரியும்.

"செல்வி, பல்லுக்கடியில சீழ் கட்டினா அது ரத்தத்துல கலந்து கர்ப்பப்பையைக் கெடுத்துடும். பாண்டிச்சேரி டாக்டர் சொல்லியிருக்காரு. உனக்குக் கடைசிப் பல்லுல அப்படித்தான் இருக்குது" என்றேன்.

"வலியே இல்லையே."

"வலி இல்லாம இருக்கறதுதான் ஆபத்து."

"எடுத்துட்டா தங்குமா?" என்று கேட்டாள்.

"தங்கலாம்."

"அப்ப எடுத்துடுங்க."

சிலுவை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்ல பல் லேசில் வராது, ஐயா. எலும்பைக் கவ்விக்கொண்டு நிற்கும். அவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஒரு சத்தம் போடவில்லை. எடுத்ததும் பார்க்க வேண்டும் என்றாள். சீழாக இருக்கிறது, பார்க்காதே என்று சொல்லிப் பஞ்சில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த சில மாதங்கள் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கனமான குடத்தைத் தூக்க மாட்டாள். பப்பாளி சாப்பிட மாட்டாள். மெல்லிய வெள்ளைத் துணி வாங்கி வைத்துக்கொண்டாள். மாதாமாதம் ஒரு நாள் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள், மறுநாள் சரியாகிவிடுவாள். அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்றால் அது என்னால்தான். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பொருட்காட்சியில் என் பலகைக்கு முன்னால் நின்ற கூட்டத்தை நீங்களே வந்து ஒழுங்குபடுத்தினீர்கள். கடலூரிலிருந்து வந்த அதிகாரிகள் வெகுநேரம் நின்று பார்த்தார்கள். ஒருவர் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி, ராஜாவின் கண்ணில் கோபம் தெரிகிறது என்றார். கோவிந்தசாமி மாஸ்டர் தன் களிமண் கோட்டையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னது எனக்கு வெள்ளிக் கோப்பையைவிடப் பெரியது.

"மலை மலையாவே இருக்குது, காஸ்பரு."

கலியபெருமாளும் வந்திருந்தார். யாரோ அவர் முகத்தை ராஜாவுக்கு வைத்திருப்பதாகச் சொல்லி இழுத்து வந்திருக்கிறார்கள். அவர் குனிந்து ராஜாவைப் பார்த்தார். தன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். "மூஞ்சி நல்லா எழுதியிருக்கற" என்றார். 'மூஞ்சி' என்னும்போது விசில் வந்தது. பிறகு அவர் பார்வை ராஜா சாய்ந்து விழும் பாறைக்கு இறங்கியது. அந்த வெட்டுத் தழும்பை விரல் நகத்தால் தொட்டார். அவருடைய நாக்கு உள்ளே கன்னத்தைத் துழாவுவது வெளியே தெரிந்தது.

"காஸ்பரு, இது என் பல்லுபா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வழியில் பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பார்க்கப் பார்க்க எல்லார் கன்னத்துக்குள்ளும் நாக்கு ஓடியது. பந்தல் முழுக்க ஒருவரும் பேசாமல் நாக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றார்கள். அப்படி ஓர் அமைதியை நான் பூசையில்கூடப் பார்த்ததில்லை.

"இதெல்லாமேவா?" என்று இளையபெருமாள் கேட்டார்.

"ஆமா. எல்லாமே" என்றேன்.

வள்ளியம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். கீழ்ச்சரிவில் தன்னுடையதை உடனே கண்டுபிடித்துவிட்டாள். "என்னுத எடுத்துக் குடு, தம்பி" என்று கையை நீட்டினாள். ஒன்றை எடுத்தால் சரிவே குலைந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினேன். அவள் கையை எடுக்கவில்லை. இன்னும் நாலைந்து கைகள் நீண்டன. நான் பலகைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் வந்து பார்த்தபோது நான் யாரையும் அடிக்கவில்லை. மலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால் மரியசெல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் சரிவுகளைப் பார்க்கவில்லை. நேராக உச்சியைப் பார்த்தாள். அங்கே நான் சுண்ணத்தில் செய்த சின்னக் கோயிலைத் தாங்கிக்கொண்டு அந்தப் பல் இருந்தது. பந்தல் ஓலை இடுக்கு வழியாக வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் நினைத்த நிறம் அப்படியே வந்திருந்தது.

"உச்சியில இருக்கறது?" என்று கேட்டாள்.

"உன்னுதுதான்" என்றேன்.

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சீழ் எங்க?" என்றாள்.

கழுவிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "சீழ் இல்லை, செல்வி. நல்ல பல்லுதான்" என்றேன். அவள் கூட்டத்தில் புகுந்து போய்விட்டாள். அண்ணன் வீட்டுக்குப் பாண்டிச்சேரி பஸ் ஏறிவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள்.

எத்தனை பல் என்று கேட்டீர்கள். நான் எண்ணவில்லை. மலைக்கு வேண்டிய அளவு. சொத்தைப் பல் கொஞ்சம்தான், மற்றவை எல்லாம் நல்ல பல். நல்லது என்று தெரிந்தேதான் எடுத்தேன். இதை நீங்கள் எப்படி எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் காலையிலிருந்து வாயை அதிகம் திறக்காமலே கேள்வி கேட்கிறீர்கள். அந்தப் பயம் வேண்டாம், ஐயா. மலை முடிந்துவிட்டது. எனக்கு இனி யாரிடமும் எதுவும் தேவையில்லை.

ஒரு வேண்டுகோள். சாட்சிப் பொருள் என்று மலையைக் கொண்டுவந்து உங்கள் ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள். மதிய வெயில் பட்டால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். ராஜாவின் வாள் இப்போதே கொஞ்சம் தொங்குவதுபோல் தெரிகிறது. சுவரோரம் நகர்த்தச் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் தங்கள் பல்லைத் திருப்பிக் கேட்டு வந்தால் கொடுத்துவிடாதீர்கள். திரும்ப வாயில் வைக்கவா போகிறார்கள்? மலையில் இருந்தால் அதை நாலு பேர் பார்ப்பார்கள்.

மரியசெல்வி என்மேல் கோபமாக இருக்கிறாள் என்கிறார்கள். எனக்குக் காரணம் தெரியும். உச்சியிலே வைக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பந்தலில் திடீரென்று பார்த்ததும் அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போயிருக்கும். அவளிடம் சொல்லாமல் வைத்துவிட்டேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான், ஏட்டையா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.